எம்.எல்.ஏ.க்களிடம் பேசிப் பார்த்த அனுபவம்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம்:

பெயரும் கட்சியும் வேண்டாம். வெளி மாவட்டத்து எம்.எல்.ஏ., விவசாயக் குடும்பம். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு வந்தவர், சாப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். பந்தா இல்லாத மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும்.

கட்டிக் கிடந்த விசைப்படகுகளைக் காட்டி, "வேலைக்குப் போகாமலே உங்களுக்குப் பணம் வருது. எங்க ஊர்ல யார் கொடுக்கிறா?" என்றார். அரசுத் திட்டம் என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு; கையில் காசு கொடுப்பது வரி கட்டுகிறவன் பணத்தை வாரி இறைப்பது. இதுதான் அவர் வாதம். (அவர் ஊரில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு என்பதை யாரோ ஒரு பையன் முணுமுணுத்தான்.)

என் பெரியப்பா விடவில்லை. "ஐயா, நாங்களாவா போகலை? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போகாதேன்னு தடை போட்டிருக்காக. மீன் பெருகட்டும், நல்லதுதான். தொழிலை நிறுத்தச் சொன்னவுகதானே அரிசிக்கும் வழி சொல்லணும்?" 8000 ரூபாய் நிவாரணத்தை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். அதை இலவசம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறதோ.

வரி விஷயத்தில்தான் அவர் திணறினார். வலை, நூல், எஞ்சின் சாமான் எல்லாம் ஜி.எஸ்.டி. கொடுத்துத்தான் வாங்குகிறோம். கடை வைத்திருப்பவர் சரக்குக்குக் கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பச்சை மீனுக்கோ வரிவிலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விற்பதில் வரி இல்லாததால் வாங்கியதில் கட்டிய வரியைக் கழிக்க வழியே இல்லை. நாங்களும் வரி கட்டுகிறவர்கள்தான். "ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு பண்றது, எங்க கையில இல்ல" என்றார். அந்தக் கவுன்சிலில் நம் மாநில அமைச்சரும் உட்காருகிறாரே, சட்டசபையில் எழுந்து கேட்கலாமே!

அப்புறம் கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம் என்று மேடைப் பேச்சுக்குப் போய்விட்டார். அதை விடுங்கள்.

கீழக்கரை:

எனக்கு வாய்த்தவர் நேரெதிர். எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கணும் என்பவர். நோன்புக் கஞ்சி குடிக்க வந்திருந்தார். மாமி மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிக் கேட்டார். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள். மாமி வீட்டில் அக்கா தங்கைகள் ஒரே கூரைக்குக் கீழே, ரேஷன் கார்டு தனித்தனி, மீட்டர் மட்டும் ஒன்று. ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டினால் தொகை கிடையாது. ஆக ஒருத்திக்கும் வரவில்லை. மாப்பிள்ளைகள் சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருப்பதால் பணக்காரர்கள் என்று ஊரார் நினைப்பு வேறு. அவர் பொறுமையாகக் கேட்டு உதவியாளரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். அதோடு சரி.

பாம்பன்:

நான் கடல்பாசி எடுக்கிறவள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவானது. எங்க பாட்டி பாசி எடுத்த தீவுக்கரைக்கு நான் பயந்து பயந்து போகணும். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், "காட்டுல இருக்கிறவுகளுக்கு 2006லயே வன உரிமைச் சட்டம் வந்துருச்சு. கடலை நம்பி இருக்கிற எங்களுக்கு என்ன உரிமைண்ணே?" என்றேன். "பாசி எடுக்கிறவுக மொத்தம் எத்தனை ஓட்டும்மா?" என்று திருப்பிக் கேட்டார். இதைச் சபையில் பேசக்கூடிய ஆள் யாரையாவது தெரிந்தால் இங்கே சொல்லுங்கள், எங்க சங்கத்துல மனு எழுதி வச்சிருக்கோம்.