சிம் கம்பெனி விற்கும் மலிவு ஃபோன்: வாங்கியவர்கள், வாங்கிக் கொடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சாத்தூரான்

கம்பெனி பெயர் வேண்டாம். அத்தை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். தவணையில் எடுத்த ஃபோன், ரீசார்ஜும் அதே தவணைக்குள்ளே. எப்படிப்பட்ட திட்டம் என்று உங்களுக்கே தெரியும்.

மழையில் வேலை இல்லாத வாரம் அது. தவணைத் தேதி தாண்டிவிட்டது. காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்த தம்பி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "மெசேஜில் நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றார். அத்தை ஃபோனை எடுத்தால் திரை முழுக்க ஒரே அறிவிப்பு: தவணை பாக்கி, உடனே கட்டவும். கீழே பணம் கட்ட ஒரு பட்டன். மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் வேறு எதுவும் வரவில்லை. மெசேஜ் வந்த சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே நம்பர் இருக்கிறது, பார்க்க முடியவில்லை. அந்தத் தம்பியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் சிலிண்டரைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று ஆயிரம் வீடியோ போடுகிறார்கள். பணம் கட்டாத அன்று இந்த ஃபோன் எப்படி இருக்கும் என்று யாராவது ஒருவர் காட்டியிருக்கிறாரா?

தேனி மொபைல் கடை

தம்பி, நான் இந்த மாதிரி ஃபோன்களை விற்பவன். தவணை கட்டாவிட்டால் ஃபோனைப் பூட்டும் ஆப் இருக்கும் என்பது கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கும். அதை வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்காது, அது வேறு விஷயம். பூட்டு விழுவது ஃபோனுக்குத்தான், சிம்முக்கு இல்லை. சிம்மைக் கழற்றி பக்கத்து வீட்டு ஃபோனில் போட்டு, மறுபடி நம்பர் அனுப்பச் சொல்லியிருந்தால் சிலிண்டர் இறங்கியிருக்கும். பூட்டிய ஃபோனிலும் 112 அவசர அழைப்பு போகும். இதை வாங்குபவர்களிடம் நான் வாய்விட்டே சொல்லிவிடுவேன்.

என் அனுபவம் வேறு. ஒரு அம்மா வந்தார், மகன் குவைத்தில். ரேம் எவ்வளவு, மெமரி எவ்வளவு என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுல என் முகம் அவனுக்குத் தெரியுமா, அதச் சொல்லு." கடை வைஃபையில் போட்டு வீடியோ கால் பண்ணிக் கொடுத்தேன். அந்தப் பையன் முதலில் பார்த்தது அம்மாவை அல்ல, பின்னாடி நின்ற என்னை. "அண்ணே, லைட்ட நிறுத்திட்டுக் காட்டுங்க, எங்க வீட்டுல டியூப் லைட்டு இல்ல" என்றான். லைட்டை நிறுத்தினேன். முகம் கறுத்துப்போய் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. அந்த அம்மா வாங்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து யார் வந்தாலும் நானே லைட்டை நிறுத்திக் காட்டுகிறேன். வியாபாரம் கொஞ்சம் போகும்தான், போகட்டும்.

கணக்குப்புலி

உணர்ச்சி எல்லாம் சரி, ஃபோனை எடைபோட வேண்டாமா? 2021 தீபாவளிக்கு ஜியோவின் மலிவு ஸ்மார்ட்ஃபோன், ஜியோஃபோன் நெக்ஸ்ட், வந்தபோது எங்கள் அலுவலக வாட்ச்மேன் அண்ணன் பெட்டியோடு என் மேசைக்கு வந்து, "சார், ரெண்டாயிரம் ரூபாய் ஃபோன்" என்று பெருமையாகக் காட்டினார். அந்த "ரெண்டாயிரம்" இன்னும் காதில் இருக்கிறது. என் கதை அவ்வளவுதான். இனி கணக்கு.

அப்போது ரொக்கமாகக் கொடுத்தால் விலை 6,499. தவணை என்றால் முன்பணம் 1,999, அதோடு நடைமுறைக் கட்டணம் 501. ஆக, கடையை விட்டு வெளியே வரும்போதே 2,500. தினம் 1.5 ஜிபி கொடுக்கும் திட்டத்துக்கு மாதம் 450 வீதம் 24 மாதம், அதாவது 10,800. மொத்தம் 13,300.

இப்போது ரொக்கத்துக்கு வாருங்கள். அதே 1.5 ஜிபி, 84 நாள் பேக், அப்போது 555. ஒன்பது முறை போட்டால் 756 நாள். இரண்டு வருடம் போக மேலும் சில நாள் மிஞ்சும். 4,995-ஐயும் 6,499-ஐயும் கூட்டினால் 11,494. தவணைக்காரர் 1,806 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், 2021 டிசம்பர் 1-ல் அந்த பேக் 666 ஆகிவிட்டது. ஒன்பது முறைக்கு 5,994. ரொக்கக் கணக்கு 12,493 ஆகி, வித்தியாசம் 807-க்கு இறங்கிவிட்டது. தவணையில் எடுத்தவருக்கு விலை ஏற்றத்திலிருந்து இரண்டு வருடம் ஒரு காப்பு கிடைத்தது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே தவணையில் மாதம் 300 திட்டத்தில் எடுத்திருந்தால் மொத்தம் 9,700-தான். ஆனால் மாதத்துக்கே 5 ஜிபி, 100 நிமிடப் பேச்சு. வீட்டில் பேரன் யூடியூப் பார்த்தால் ஒரு வாரத்தில் காலி.

சரி, ஃபோன்? 5.45 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி, 3,500 எம்ஏஎச் பேட்டரி, பழைய மைக்ரோ யுஎஸ்பி சார்ஜர். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2020 செப்டம்பரில், ரெட்மி 9ஏ 6,799-க்கு வந்துவிட்டது. அதே ரேம், அதே மெமரி, 6.53 அங்குலத் திரை, 5,000 எம்ஏஎச். இந்த நிலையில் அதே காசுக்கு சிறிய திரையும் சிறிய பேட்டரியும் எதற்கு? தவிர, இரண்டாவது சிம்மாக வேறு கம்பெனி சிம் போட்டுப் பேசலாம், ஆனால் அதில் நெட் ஓடாது. ரெட்மியில் அந்தக் கட்டு இல்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: 32 ஜிபி என்று போட்டிருந்தால் சிஸ்டத்துக்கும் கூடவே வரும் ஆப்களுக்கும் போக மிஞ்சுவதைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் தானாகப் படம் இறங்குவதை முதல் நாளே நிறுத்துங்கள். பேட்டரி கழற்றும் வகையா, உங்கள் ஊரில் அந்த பேட்டரி கிடைக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் எந்த கம்பெனி சிக்னல் எடுக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தெருவில் எடுத்தால் போதாது.

மேகலா, துறையூர்

கணக்குப்புலி சார், ரெட்மிக்கு முழுப் பணத்தையும் ஒரே நாளில் யார் கொடுப்பது? உங்கள் வாட்ச்மேனிடம் அன்று ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் இருந்திருக்கும். கையில் 6,499 மொத்தமாக இருந்தால் அவரும் உங்களை மாதிரிதான் கணக்குப் போட்டிருப்பார்.

எங்கள் அப்பாவுக்கும் அதே நெக்ஸ்ட்தான். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் தள்ளிக்கொண்டே போன சமயம். அதில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி ஒன்று உண்டு. சின்ன மாமா வாட்ஸ்அப்பில் எப்போதும் நீளமாக எழுதுவார். எழுத்து தெரியாததால் அப்பா தினமும் என்னையோ தம்பியையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். எங்களுக்கும் அலுப்பாக இருக்கும், அவருக்கும் தெரியும். ஒரு நாள் சாயந்திரம் திண்ணையில் ஒரு பெண் குரல், தமிழில், நிறுத்தம் இல்லாமல், நிலத் தகராறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று காபி போட எழுந்தேன். பார்த்தால் அப்பா ஃபோனைக் காதோரம் வைத்துக்கொண்டு மாமாவின் மெசேஜைக் கேட்கிறார். "ரெண்டு செண்டு" வரும் இடத்தில் அது என்னவோ வாசித்தது, அப்பா சிரித்துவிட்டார். அதன்பிறகு மெசேஜ் படிக்க அவர் எங்களைக் கூப்பிடவே இல்லை.

ஃபோன் வேகம் குறைவுதான், மறுக்கவில்லை. அப்பாவுக்கு அவசரம் இல்லை.

பழைய பேட்டரி

எல்லாரும் 2021-லிருந்து ஆரம்பிக்கிறீர்கள். 2017 அக்டோபரில் ஏர்டெல்லும் ஃபோன் கம்பெனி கார்பனும் சேர்ந்து ஏ40 இந்தியன் என்று ஒரு ஃபோன் கொண்டு வந்தது ஞாபகம் இல்லையா? விளம்பரத்தில் 1,399. கடையில் கொடுத்தது 2,899. மாதம் 169 வீதம் 36 மாதம் ரீசார்ஜ் செய்தால் 18-ஆம் மாதம் 500, 36-ஆம் மாதம் 1,000 திரும்பி வரும் என்பது ஏற்பாடு. அதாவது 1,399 என்ற விலையை அடைய மூன்று வருடம் ஆகும். நாலு அங்குலத் திரை, 1 ஜிபி ரேம், 1,400 எம்ஏஎச் பேட்டரி. அதே வருடம் ஜியோ பட்டன் ஃபோனுக்கு 1,500 டெபாசிட், அதுவும் மூன்று வருடம் கழித்துத் திரும்பும்.

நான் ஹாஸ்டலில் ஏ40-ஐ ஃபோனாகவே பயன்படுத்தவில்லை. சார்ஜரில் மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஹாட்ஸ்பாட் ஆக்கிவிட்டோம். ரூமில் நாலு பேர் செமஸ்டர் புராஜெக்ட் முடித்தது அதில்தான். வார்டன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "யாருடா எலிப்பொறி வச்சது?" என்று கேட்டார்.

மேகலா சொல்வது சரி. கணக்குப்புலி போட்ட கூட்டலும் சரி. ஆனால் இவர்கள் விற்பது ஃபோனை இல்லை சார், நம் அடுத்த இரண்டு மூன்று வருட ரீசார்ஜை. ஃபோன் அதற்கு இனாம் மாதிரி கூட வருகிறது. அதனால் ரெட்மியோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கணக்குப்புலி

இனாம் என்றால் 501 நடைமுறைக் கட்டணம் எதற்கு?

சாத்தூரான்

தேனி அண்ணாச்சி, சிம்மைக் கழற்றச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் வாசலில் சிலிண்டர், அடுப்பில் கேஸ் தீர்ந்து பாதி வெந்த சோறு, பக்கத்து வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. எந்த ஃபோனைத் தேடுவது? தாளில் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தவணை பாக்கி என்றால் நெட்டை நிறுத்தட்டும், வீடியோவை நிறுத்தட்டும், வந்த மெசேஜைப் படிக்கவாவது விடலாம் அல்லவா? அதை மறைப்பதால் அவர்களுக்குப் பணம் சீக்கிரம் வந்துவிடுமா?

அன்று சோறு எதிர்வீட்டு விறகடுப்பில் வெந்தது. சிலிண்டர் மூன்றாம் நாள் வந்தது, அதற்குள் நான் தவணையைக் கட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கட்டி முடித்ததும் அந்தப் பூட்டு ஆப் தானாகப் போய்விடுமா அண்ணாச்சி?

தேனி மொபைல் கடை

சில ஃபோனில் போய்விடும், சிலதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைசித் தவணை கட்டியதும் கடன் கொடுத்தவர்களிடம் என்.ஓ.சி., அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, எழுத்தில் வாங்கிவிடு தம்பி. அப்புறம் செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பக்கத்தை, ஃபோனைக் கட்டுப்படுத்தும் ஆப்களின் பட்டியல் அது, திறந்து பார். அந்த ஆப் பெயர் இன்னும் இருந்தால் அவர்களிடமே எடுக்கச் சொல். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நீயே ரீசெட் அடிக்காதே, சில ஃபோன் ரீசெட் ஆனதும் பூட்டோடுதான் எழுந்திருக்கும். அத்தை கேஸ் கணக்கில் இருக்கும் நம்பரை இப்போதைக்கு உன் நம்பராக மாற்றி வை, ஏஜென்சியில் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.