அப்பா குறட்டை மேட்டர்: அப்டேட்

போன மாசம் எழுதியிருந்தேன்ல, அப்பா குறட்டை விட்டுட்டே இருக்கும்போது திடீர்னு மூச்சு நின்னு திணறி எழுந்திருக்கிறார்னு, அதோட அப்டேட் இது. தூங்கும்போது மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் அளக்குற ஸ்லீப் ஸ்டடி எடுத்தாச்சு. மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுதாம், 30 வந்தாலே சிவியர் கணக்குதான். தூக்கத்துல தொண்டை தசை தளர்ந்து காத்து போற வழி அடைச்சுக்குது, ஆக்சிஜன் இறங்குது, மூளை பதறி தட்டி எழுப்புது, ராத்திரி பூரா இதே கூத்துன்னா மூணு மாத்திரை போட்டும் பிபி எப்படி இறங்கும்? நாங்க என்னடான்னா ஊறுகாயைத் திட்டிட்டு இருந்தோம்.

இப்போ சிபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி தொண்டை அடைக்காம பாத்துக்கிற மெஷின். முதல் நாலு நாள் "தும்பிக்கை மாட்டி விட்டுட்டீங்களேடா"ன்னு மாஸ்க்கை கழட்டி வீசிட்டார். மூக்கை மட்டும் மூடுற சின்ன மாஸ்க் மாத்தினதும் செட் ஆயிடுச்சு. நேத்து மத்தியானம் தூங்கி வழியாம டிவி பாத்தார், அம்மாவுக்குதான் ரிமோட் போச்சு.