ஷ்யூர்ஃபயர் 6பி டார்ச்: பி60 பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி மாட்யூல், மூன்றே நொடியில் அணைந்தது. எங்கே தப்பு?

மின்மினி:
பழைய ஷ்யூர்ஃபயர் 6பி. உள்ளே இருந்தது பி60 பல்பு: 65 லூமன், ஒரு மணி நேரத்தில் இரண்டு சிஆர்123ஏ செல் (சார்ஜ் ஏறாத லித்தியம் செல்) காலி. செல் விலை கட்டுப்படியாகவில்லை என்று, அதே அளவில் வரும் எல்.இ.டி மாட்யூல் ஒன்றை மாட்டினேன். எல்.இ.டி வகை எக்ஸ்எம்-எல்2 என்று போட்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றும் 16340 செல் இரண்டு, முழு சார்ஜில். வால் பொத்தானை அமுக்கியதும் நீலம் பாய்ந்த வெளிச்சம் அடித்தது, மூன்று நொடியில் போச்சு. இப்போது சிஆர்123ஏ போட்டாலும் எரியவில்லை. மாட்யூல் மொத்தமும் காலியா, ஏதாவது பிழைத்திருக்குமா? இனிமேல் எந்த செல் போடுவது? 18650 (இதைவிடப் பெரிய சார்ஜ் செல்) இதில் நுழையுமா?

ஈயப்பற்று:
மாட்யூல் வந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்சம் 4.2 வோல்ட் என்று இருக்கும். 16340 மேல் 3.7 என்று அச்சடித்திருந்தாலும் முழு சார்ஜில் அது 4.2. இரண்டை வரிசையாகப் போட்டால் 8.4. அந்தப் பழைய பி60 பல்பே தாங்கியிருக்காது, அது 6 வோல்ட் பல்பு, இழை அப்போதே அறுந்திருக்கும்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்றால்: பெரிய வெளி ஸ்பிரிங்கை உருவிவிட்டு, ரிஃப்ளெக்டரை ஒரு கையில் பிடித்து அடியில் உள்ள பித்தளைக் கட்டையைத் திருகுங்கள், இரண்டும் தனியாக வரும். நடு ஸ்பிரிங் இருக்கிற பலகையில் மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லுகள் இருக்கும் (சில பலகைகளில் உள்பக்கமாகவும் இருக்கும்). பூதக்கண்ணாடியில் 7135 என்று தெரிந்தால் அவை ஏஎம்சி7135. ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியர் விடும். மூன்று இருந்தால் 1.05 ஆம்பியர், எட்டு இருந்தால் 2.8. இந்தச் சில்லு மிச்ச வோல்ட்டேஜைச் சூடாக மாற்றித்தான் கரைக்கும், வேறு வித்தை அதற்குத் தெரியாது. 8.4-ல் எல்.இ.டி-க்கு 3.2 போக மிச்சம் 5.2 வோல்ட். ஒரு சில்லின் தலையில் 1.8 வாட். போதாக்குறைக்கு அதன் இயங்கு வரம்பே 6 வோல்ட் வரைதான். வெந்து ஷார்ட் ஆனதும் எல்.இ.டி-க்கு மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்திருக்கும். நீலம் அடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எல்.இ.டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். சாதாரண ஏஏ செல் இரண்டை வரிசையாகப் பிடித்து (3 வோல்ட்), எல்.இ.டி தகட்டில் சிவப்புக் கம்பி பற்றியிருக்கும் இடத்தில் பாசிட்டிவும் கறுப்பில் நெகட்டிவும் தொடுங்கள். எரிந்தால் போனது டிரைவர் (அந்தச் சில்லுகள் இருக்கிற பலகை) மட்டும்தான்.

பணம் போட்டு ஒரே தடவையில் முடிக்க நினைத்தால் மால்காஃப் எம்61 மாதிரி, 3.4 முதல் 9 வோல்ட் வரை தாங்கும் மாட்யூல் வாங்குங்கள். இரண்டு சிஆர்123ஏ, இரண்டு 16340, ஒற்றை லித்தியம் செல், எதைப் போட்டாலும் பேசாமல் எரியும். மலிவு மாட்யூல்தான் என்றால் ஒற்றை செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேத்துக்காரர்:
6பி-யின் துளை சிஆர்123ஏ-க்காகப் போட்டது, அந்த செல்லின் விட்டம் 17 மி.மீ. 18650 என்பது 18-க்கு மேல், பிளாஸ்டிக் உறையோடு இன்னும் கொஞ்சம். தட்டி இறக்கப் பார்க்காதீர்கள், உறை கிழிந்தால் செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். லேத்தில் 19-க்குச் சற்றுக் குறைவாகப் போரிங் செய்தால் தாராளமாகப் போகும். ஆனால் வால் பக்கம் ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தில் சுவர் ரொம்பவே மெலிந்துவிடும். லேத்தின் பிடிதாடையில் (ஜா) நேரடியாக இறுக்கினால் குழாய் நசுங்கும், பிளந்த புஷ் (உலோக வளையம்) ஒன்று போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். கடைய மனசில்லை என்றால் 17670 செல் (17 மி.மீ. விட்டமுள்ள சார்ஜ் செல்) போடலாம், வெட்டாமலே இறங்கும்.

நீளக் கணக்கையும் பாருங்கள். இரண்டு சிஆர்123ஏ சேர்ந்தால் 69 மி.மீ. பாதுகாப்புப் பலகை வைத்த 18650-உம் ஏறக்குறைய அதே நீளம். பலகை இல்லாதது 65, அந்த நாலு மி.மீ. இடைவெளிக்கு ஸ்பிரிங்கை இழுத்துவிடுங்கள். சிலர் சொல்கிற மாதிரி குட்டிக் காந்தம் வைக்காதீர்கள். டார்ச் கீழே விழுந்தால் காந்தம் நகர்ந்து செல்லின் இரண்டு முனையையும் இணைத்துவிடும்.

16340-இல் 2800 என்று போட்டு விற்பது சுத்தப் பொய். அந்த அளவில் 550 முதல் 850 மில்லி ஆம்பியர் மணிதான் நிஜம்.

மின்மினி:
நன்றி சார். ஏஏ வைத்துப் பார்த்தேன், எல்.இ.டி எரிகிறது! சில்லு மூன்று, எல்லாம் 7135. டிரைவரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். செல் 17670. ஈயம் பத்தவைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? சூடு பற்றியும் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:
17 மி.மீ. டிரைவர் பலகை, அதே மூன்று சில்லு. எட்டுக்கு ஆசைப்படாதீர்கள். 2.8 ஆம்பியரில் செல்லிலிருந்து 11 வாட்டுக்கு மேல் வரும், பெரும்பகுதி சூடு. 6பி-யில் மாட்யூல் அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான், தலைப்பகுதியின் உள்சுவரைத் தொடுவதே இல்லை.

பலகையின் விளிம்பில் உள்ள ஈய வளையத்தைப் பித்தளையோடு எதிரெதிராக இரண்டு இடத்தில் பற்றவையுங்கள். மலிவு மாட்யூல்களில் பலகையைச் சும்மா அமுக்கி விட்டிருப்பார்கள், மினுக்கலுக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். 25 வாட் சால்டரிங் அயன் ஆகாது, பித்தளை சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 60 வாட் வேண்டும். ஈயம் உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், வழிந்து பரவ வேண்டும்.

எல்.இ.டி தகட்டுக்கு அடியில் ஹீட்சிங்க் பேஸ்ட், அரிசி அளவு போதும். ரிஃப்ளெக்டரைத் திருப்பி மாட்டும் முன் அதன் துளை விளிம்பு கம்பி பற்றிய இடத்தைத் தொடுகிறதா பாருங்கள். ரிஃப்ளெக்டர் அலுமினியம், தொட்டால் ஷார்ட். மெல்லிய காகித வாஷர் ஒன்று போடுங்கள். தடியாகப் போட்டால் வெளிச்சத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு விழும்.

கடைசியாக மாட்யூலைச் சுற்றிச் செம்புத் தகடு, 0.1 மி.மீ. தடிமன். ஒரு சுற்றுக்கு விட்டம் 0.2 கூடும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் தலைக்குள் இறங்கும் என்கிற அளவுக்குச் சுற்றுங்கள். தகட்டின் முனை நடு ஸ்பிரிங் பக்கம் எட்டக் கூடாது. தலையைத் திருகியதும் உடம்போடு இடைவெளி தெரிந்தால் மாட்யூல் முழுசாக இறங்கவில்லை, ஓ-ரிங் வெளியே நிற்கும், தண்ணீர் போகும். பிளாஸ்டிக் உடம்பு உள்ள ஷ்யூர்ஃபயர் ஜி2-வில் இந்தச் சுற்றல் பெரிதாக உதவாது.

மூடும் முன் வால் மூடியைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒரு முனை செல்லின் நெகட்டிவில், மறுமுனை குழாய் விளிம்பின் வெறும் உலோகத்தில். மரையில் வைத்தால் மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு தடுக்கும். 1 ஆம்பியரை ஒட்டி வந்தால் சரி. 0.7 மாதிரி வந்தால் உடனே டிரைவரைத் திட்ட வேண்டாம், மீட்டர் வயர் மெலிசாக இருந்தாலே அப்படிக் காட்டும். தடித்த குட்டை வயர் மாற்றி இன்னொரு முறை பாருங்கள்.