பீலித் தண்ணீரில் தங்கமீன் வளர்த்த அனுபவம்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்புறம் எங்களுக்கிருந்த சிறு நிலத்துண்டில் மூன்று சீமெந்துத் தொட்டிகளைக் கட்டி, 2019ஆம் ஆண்டு அலங்கார மீன் வளர்ப்பைத் தொடங்கினேன். கம்பஹாப் பக்கத்தில் பலர் வீட்டு முற்றத்திலேயே கப்பி வளர்த்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுப்பதைப் பார்த்திருந்ததால், நானும் கப்பியையே கொண்டுவந்தேன். அம்மீனுக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் வேண்டும். மலையிலிருந்து பீலி வழியாக இறங்கும் எங்கள் தண்ணீரோ தை மாதத்து விடியலில் கையை விறைக்க வைக்கும். மூன்றாம் வாரம், உப்பைத் தூவியது போல மீன்களின் உடலெங்கும் வெண்புள்ளி நோய் கண்டது. பாதிக்கு மேல் செத்துப் போயின.

என்னை மீட்டவர் ஹட்டனில் சிறிய மீன்கடை வைத்திருக்கும் ஒருவர்தான். "தம்பி, இந்தக் குளிருக்குக் கப்பி சரிவராது. தங்கமீன் சோடி பத்து எடுத்துக்கிட்டுப் போங்க, குஞ்சு வித்த பிறகு காசைக் கொடுங்க" என்றார். அடகு வைக்க எதுவுமில்லாத என்னைப் போன்றவனுக்கு எந்த வங்கியும் அப்படிக் கடன் தந்திருக்காது.

தங்கமீனுக்குக் குளிர் ஒத்துப்போனது. விடிகாலையில் ஆண்மீன்கள் பெண்மீனை விரட்டத் தொடங்கும்போது, பிரித்துக் கட்டிய நைலோன் கயிற்றுக் கொத்துகளைத் தொட்டிக்குள் இட வேண்டும். முட்டைகள் அதில் ஒட்டிக்கொண்டதும், தாய்மீன்கள் தின்றுவிடாதபடி கொத்தை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். குஞ்சுகள் முதலில் சேற்று நிறமாகவே இருக்கும். பொன்னிறம் ஏற மாதக்கணக்கில் ஆகும் என்பதை அறியாமல், தரம் குறைந்த மீன் கிடைத்துவிட்டதென்று நான் கலங்கியதும் உண்டு.

குஞ்சுகளின் முதல் தீனியில்தான் கடல் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது. ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் உயிரியின் உலர்ந்த முட்டைகள் தகரப்பேணியில் வருகின்றன. ஹட்டன் கடைக்காரர் அவற்றைச் சிறு பொதிகளாகப் பிரித்து விற்பார். அடிப்பகுதி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைத் தலைகீழாகக் கட்டி, லீற்றருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பிட்டு, அருகில் மின்குமிழை எரியவிட்டுக் காற்றூதினால், ஒரு நாளில் அவை பொரிக்கும். காற்றை நிறுத்தியதும் கோதுகள் மேலே மிதக்க, செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் வெளிச்சம் படும் பக்கம் திரள்வதை இன்றும் நின்று பார்க்கிறேன்.

2022ஆம் ஆண்டு மின்வெட்டு எங்களை உலுக்கியது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இருக்கவில்லை. குமிழும் எரியவில்லை, காற்றுப் பம்பியும் ஓடவில்லை. பக்கத்து லயத்து ஆட்டோக்காரர் தமது பழைய பற்றரியைத் தந்தார். ஆர்ட்டீமியாவின் விலை எட்டாமற்போனபோது, அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து கொடுத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றினோம். நீரியல் வளர்ப்பு என்றதும் பெரிய பண்ணைகளையே பலர் நினைக்கிறார்கள். என் மூன்று தொட்டிகளை நிலைநிறுத்தியவர்கள் ஒரு கடைக்காரரும் ஓர் ஆட்டோக்காரரும்தான்.

இதைப் படித்துவிட்டு, தலவாக்கலையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதிய பதில்:

அண்ணா, நீங்கள் தண்ணீரின் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அது வரும் வழியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஓடை தேயிலை மலையினூடாக இறங்குகிறது. மேலே புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்த மறுநாள் பெய்த மழையில், விற்கக் கொண்டுபோகும்போது தண்ணீர் அழுக்காகாமலிருக்க நான் இரண்டு நாள் தீனி கொடுக்காமல் வைத்திருந்த மீன்கள் அத்தனையும் ஒரே காலையில் மிதந்தன. இப்போது மருந்தடிக்கும் நாளைக் கங்காணி ஐயா முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அன்றே குழாயை அடைத்துவிட்டு, பீப்பாயில் சேர்த்து வைத்த தண்ணீரைத்தான் ஒரு வாரம் பாவிக்கிறேன்.