அம்மாவின் சர்க்கரை சென்சார் இரவில் தவறாக அலாரம் அடிக்கிறது, வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறோம். மூன்று வாரமாக மேல்கையின் பின்புறம் ஒட்டும் 14 நாள் சர்க்கரை சென்சார். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு இரண்டு, மூன்று மணிவாக்கில் 55 என்று காட்டி அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 110, 118. நேற்று மட்டும் மூன்று முறை. விரல் நுனியெல்லாம் கன்றிப்போய், "இதைக் கழட்டிடும்மா" என்கிறார்.

இரவில் கூட இருக்கும் செவிலியர் பாவம், ஒவ்வொரு முறையும் பதறி எழுகிறார். தவறான அலாரம் என்று விட்டுவிடவும் பயம். சென்சார் வாங்குவதற்கு முன் ஒருநாள் உண்மையாகவே 52க்கு இறங்கி, ரவிக்கை நனைய வியர்த்துக் கிடந்தார்.

அந்தக் கை மேல் படுத்தால் சென்சார் அழுந்தி அளவைக் குறைத்துக் காட்டும் என்று தெரியும். அதனால் அடுத்த சென்சாரை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினோம். தூக்கத்தில் அந்தப் பக்கமே புரள்கிறார். முதுகுக்குத் தலையணை அணைத்தோம், அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. குறைந்த அளவு அலாரத்தை 70லிருந்து 65க்கு இறக்கினோம். ஆனால் 55க்கான அவசர அலாரத்தை இந்தக் கருவியில் அணைக்க முடியாது, அணைக்க எனக்கும் மனமில்லை.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு, அழுந்தாமல் இருக்க மேல்கையில் சரியாக எந்த இடத்தில் ஒட்டுகிறீர்கள்?