காரைக்குடி வீட்டுக்குப் பற்றவைத்த கர்டர்: ஃபிளாஞ்ச் மடங்கியதற்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், சுவருக்குள் பதிந்திருந்த தேக்கு உத்திரத்தின் முனைகள் ஈரத்தில் மக்கிவிட்டன. மாற்றாக 9 மீட்டருக்குத் தகடுகளில் செய்த ஐ-கர்டர் (ஐ வடிவ இரும்பு உத்திரம்): ஃபிளாஞ்ச் (மேலும் கீழும் வரும் படுக்கைத் தகடு) 200 × 16 மி.மீ., வெப் (நடுவில் நிற்கும் தகடு) 468 × 8 மி.மீ. மீட்டருக்கு 80 கிலோ எடை, 24 கிலோநியூட்டன் சுமை. தொய்வு 23 மி.மீ. வரும், எல்லை 25.

16 மி.மீ. தகட்டுக்கு ஐஎஸ் 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை) கேட்கும் குறைந்தபட்ச ஃபில்லட் (இரு தகடுகள் சேரும் மூலையில் போடும் பற்றவைப்பு) 5 மி.மீ.தான். கணக்குப்படி அதுவே தாராளம். பட்டறையில் "கெட்டியா இருக்கட்டும்" என்று 8 மி.மீ. ஓட்டிவிட்டார்கள். உலோகம் இரண்டரை மடங்கு, சூடும் அதற்கேற்ப. இப்போது ஃபிளாஞ்சின் இரு ஓரமும் வெப் பக்கமாக 3 மி.மீ. மடங்கியிருக்கிறது, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. கீழ்ப் பற்றவைப்புத் தையல்களை முதலில் முடித்ததால் நடுப்பகுதி 14 மி.மீ. மேலே எழும்பியும் நிற்கிறது. அது தொய்வுக்கு எதிர்த்திசை, அப்படியே விடலாம் என்பது என் முடிவு.

ஓரம் மடங்கியதுதான் கவலை. முனையில் கர்டரைத் தாங்கும் தகட்டில் ஃபிளாஞ்சின் நடுக்கோடு மட்டுமே உட்காரும். ஃபிளாஞ்சின் வெளிமுகத்தில், வெப்புக்கு நேர்மேலே, 650 டிகிரிக்கு மிகாமல் கோடாகச் சூடுகாட்டி நிமிர்த்த நினைக்கிறோம். முழு நீளமும் செய்ய வேண்டுமா, முனைகளிலும் ஜாயிஸ்ட் (கர்டர் மேல் குறுக்கே வரும் சிறு உத்திரம்) உட்காரும் இடங்களிலும் போதுமா? ஒரே ஓட்டத்தில் 3 மி.மீ. திரும்புமா?

இன்னொன்று. முனைக்கு 108 கிலோநியூட்டன் இறங்குகிறது. 900 × 400 மி.மீ. கான்கிரீட் படுகை போட்டால் சுவரில் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.3 நியூட்டன். சுண்ணாம்புச் சாந்துச் செங்கல் சுவரில் இதைவிடக் கூட்டிப் பார்த்தவர்கள் உண்டா? முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு) விரிசல் விடாமல் சுவரில் குழி வெட்ட எந்தக் கருவி பயன்படுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.