நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு: என் உடம்புக் கடிகாரம் குழம்பிய கதை

மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 11 வருடம் வேலை பார்த்தேன். நைட் ஷிப்ட் பார்க்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பறித்து வந்த கொழுந்து தொட்டியில் இரவெல்லாம் வாடும். விடிவதற்கு முன்பே அரைக்க எடுத்துவிடுவோம். ஷிப்ட் வாரா வாரம் மாறும். காலை முடிந்தால் இரவு, இரவு முடிந்தால் மதியம், அப்புறம் மறுபடி காலை. அதிகாலை நாலு மணிக்கு ட்ரையர் பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடிக்கும், உள்ளுக்குள் குளிர் நடுக்கும். மலைக்குளிர் என்று நினைத்துக்கொள்வேன். நோட்டில் எடையை எழுதிவிட்டு, எழுதினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். விடிகாலையில்தான் உடம்புச் சூடு மிகவும் குறையும், மூளையும் மந்தமாகும் என்பது பிறகு தெரிந்தது.

மனசு கெட்டுப்போனது எனக்கே தெரியவில்லை. ஒருநாள் மகள் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நல்ல மார்க். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமோ வருத்தமோ ஒன்றும் வரவில்லை. பிள்ளை முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகும் வரவில்லை. கடன் கவலை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். என் மனைவிதான் விடாப்பிடியாகத் தேனிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்பதுதான். பிறகு பொறுமையாக விளக்கினார். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். சும்மா விட்டால் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். காலை வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. நானோ ஷிப்ட் முடிந்து முழு வெயிலில் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு நடந்து வந்து, உடனே படுத்தேன். உடம்பு எப்படித் தூங்கும்?

கொஞ்ச நாள் மாத்திரையும் சாப்பிட்டேன். சொல்வதில் வெட்கமில்லை. கூடவே, நைட் முடிந்து நடந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலில் தடித்த கம்பளி. முக்கியமாக, சூப்பர்வைசரிடம் பேசி ஷிப்டின் வரிசையைக் காலை, மதியம், இரவு என்று மாற்ற வைத்தோம். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம், முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். ஆறு மாதம் கழித்து மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

*

அண்ணே, நான் கம்பம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியக்காலம் மலைமெட்டு ஏறும் ஜீப் ஓட்டுகிறேன். எனக்கு மூன்றரைக்கு அலாரமே வேண்டாம். அதனாலேயே காலேஜ் படிக்கும் மகனைச் சோம்பேறி என்று தினமும் திட்டினேன். பன்னிரண்டுக்கு முன்னால் தூக்கம் வரவில்லை என்பான், நம்பமாட்டேன். அந்த வயதில் கடிகாரமே தாமதமாகத்தான் ஓடும் என்று பிறகுதான் படித்தேன். இப்போது திட்டுவதை விட்டுவிட்டேன். அவனும் பேச ஆரம்பித்திருக்கிறான்.

*

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய்வரும் நர்ஸ் நான். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். நான் ட்யூட்டிக்குப் போகும்போது இலைகளை மடக்கிக்கொண்டிருக்கும், முடித்து வரும்போது விரித்திருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துச் செய்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் 1729லேயே மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். அங்கேயும் அது பகலில் விரிந்து இரவில் மூடியிருக்கிறது. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் இதையே வௌவால்களிடம் ஆராய்ந்தார். பொழுது தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தார்கள். ஈக்களை வைத்து இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் தெரிந்தும், நைட் முடிந்த காலைகளில் காரணமில்லாமல் அழுகை வந்தால் என் மனசுதான் பலவீனம் என்று நினைத்திருந்தேன். அண்ணா, நாளை எனக்கு நைட். ஜன்னலுக்குக் கம்பளி இப்போதுதான் மாட்டினேன்.